வாதத்தில் எங்கே பிசகுகிறது? வாசகர் கேள்வி - பதில்

வீட்டுப் பேச்சு, கிராம சபை, துறைமுகம், வாட்ஸப் குழு என்று எங்கும் நடக்கும் வாதங்களில் தர்க்கப் பிழையைக் கண்டுபிடிப்பது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றில் பத்து கேள்விகள் இங்கே. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தில் இரண்டு வருடம் முன்பு மரங்களுக்கு ரெயின் கார்டு (பால் வெட்டும் இடத்தில் மழைநீர் படாமல் தடுக்கும் பிளாஸ்டிக் உறை) போட்டோம். அதற்குப் பிறகுதான் பல மரங்களில் பால் நின்றது. "பிளாஸ்டிக்கச் சுத்துனதாலதான் மரம் பட்டுச்சு" என்கிறார் மாமா. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வந்தால் முதலாவதுதான் காரணம் என்று ஆகாது, இது தர்க்கப் பிழை என்றேன். "கண்ணால கண்டத இல்லேங்கியாலே?" என்று சத்தம் போடுகிறார். யார் சொல்வது சரி?
- வாசகர், குலசேகரம்

பதில்: மாமா அவசரப்பட்டு முடிவு கட்டிவிட்டார். அவர் வாதத்துக்கு ஒரு பெயர் சூட்டியதும் அதை முறியடித்துவிட்டதாக நீங்களும் அவசரப்படுகிறீர்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லிவிட்டால் ரெயின் கார்டுமேல் இருக்கும் சந்தேகம் தீர்ந்துவிடாது. முன்பின் வரிசை ஒரு தடயம். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தூக்கி எறியவும் கூடாது.

முதல் வேலை எண்ணுவது. மாமா கண்ணில் பட்டவை ரெயின் கார்டு போட்டுப் பால் நின்ற மரங்கள் மட்டும்தான். எண்ண வேண்டியவை நான்கு: போட்டுப் பால் நின்றவை, போட்டும் நிற்காதவை, போடாமலே நின்றவை, போடாமல் நன்றாக இருப்பவை. ஒரு பேச்சுக்கு, போட்ட 200 மரத்தில் 30 மரத்திலும், போடாத 100 மரத்தில் 14 மரத்திலும் பால் நின்றிருந்தால், ஒன்று நூற்றுக்கு 15, மற்றது நூற்றுக்கு 14. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. போடாத 100 மரத்தில் இரண்டே இரண்டு என்றால் மாமாவின் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு.

அப்போதும் வழக்கு முடியவில்லை. ரெயின் கார்டு வந்தபோது கூடவே வேறென்ன மாறியது? நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. முன்பெல்லாம் மழை நாளில் பால் வெட்டு தானாக நின்றுபோகும். மரத்துக்கு அது ஓய்வு. ரெயின் கார்டு போட்ட பிறகு அந்த நாட்களிலும் பால் வெட்டு நடக்கிறது. அளவுக்கு மிஞ்சி வெட்டினால் வெட்டுப்பட்டை வறண்டு பால் நிற்கும் என்பது ரப்பரில் நன்றாகத் தெரிந்த விஷயம். வெட்டுக்கூலி எழுதிவைத்த நோட்டை எடுத்து, ரெயின் கார்டுக்கு முந்தைய வருடம் எத்தனை நாள் வெட்டு, பிந்தைய வருடம் எத்தனை நாள் என்று கூட்டிப் பாருங்கள். நாள் கணிசமாகக் கூடியிருந்தால் மரத்தைக் கெடுத்தது பெரும்பாலும் வெட்டுதான். பிளாஸ்டிக் அதற்கு வழி திறந்துவிட்டிருக்கிறது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். "மரம் பட்டுச்சு" என்ற ஒரே பேச்சில் இரண்டு நோய்கள் கலந்திருக்கலாம். பட்டை காய்ந்து, வெட்டினாலும் பால் ஊறாமல் இருப்பது பட்டை வறட்சி. வெட்டுக்கு மேலே பட்டை கறுத்து அழுகியிருந்தால் அது பூஞ்சை. பிளாஸ்டிக்குக்கு அடியில் ஈரம் தங்கி, பூஞ்சைக்கொல்லி பூசாமல் விட்டால் இது வரும். முன்னதற்கு வெட்டு நாளைக் குறைக்க வேண்டும். பின்னதற்கு மருந்து பூச வேண்டும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் எந்த முடிவும் கிடைக்காது.

இருவருக்கும் உண்மையிலேயே விடை வேண்டும் என்றால், அடுத்த மழைக்கு முன் ஒரே வயது, ஒரே ரகம் கொண்ட வரிசைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்குக்கு ரெயின் கார்டு போட்டு மற்றதை விட்டுவிடுங்கள். ஆனால் வருடத்தின் மொத்த வெட்டு நாள் இரண்டு பங்குக்கும் சமமாக இருக்க வேண்டும். சீட்டு எதற்கென்றால், நாமே பிரித்தால் தெரியாமலே நல்ல மரங்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவோம். பட்டை வறட்சி மெதுவாக வெளிப்படும், ஒரே வருடக் கணக்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: மூட்டுவலிக்கு யாரோ பொட்டலம் கட்டித் தந்த பொடியை அம்மா சாப்பிடுகிறார். "முழுக்க இயற்கை, பக்கவிளைவே கெடையாது" என்கிறார். மறுத்தால் சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்று கோபம்.
- வாசகி, அருமனை

பதில்: தோவாளைச் சந்தையில் கிலோக்கணக்கில் விற்கும் அரளியும் இயற்கைதான்; அந்தச் செடியின் எல்லா பாகமும் விஷம். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலுரித்து, நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது அதற்காகத்தான். அம்மாவின் கைக்கே தெரிந்த விஷயம் இது, அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

'இயற்கை, ஆகவே தீங்கில்லை' என்பதைச் சித்த மருத்துவமும் ஒப்புக்கொள்ளாது. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் (நஞ்சு நீக்காமல்) முறையாகப் படித்த எந்தச் சித்த வைத்தியரும் மருந்தில் சேர்க்கமாட்டார். எனவே அந்தப் பொட்டலத்தைச் சந்தேகிப்பது சித்த மருத்துவத்தைச் சந்தேகிப்பது ஆகாது. என்னென்ன சரக்கு, செய்தவர் யார், உரிம எண் உண்டா, ஒரு வேளைக்கு எவ்வளவு, அம்மா ஏற்கெனவே எடுக்கும் சர்க்கரை அல்லது ரத்த அழுத்த மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பொடியை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்கே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: நான்கு வழிச்சாலைக்காகக் குளத்தில் மண் கொட்ட வேண்டாம், அந்த இடத்தில் தூண் போட்டுப் பாலமாகக் கொண்டுபோங்கள் என்று கிராம சபையில் பேசினேன். "அப்போ உங்களுக்கு ரோடே வேண்டாம், அப்படித்தானே?" என்று ஒருவர் கேட்டார். ஒரே கைதட்டல். எனக்கு வாயடைத்துவிட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும்?
- வாசகர், வில்லுக்குறி

பதில்: நீங்கள் சொல்லாததை நீங்கள் சொன்னதாக நிறுத்திவைத்து, அதை அடித்திருக்கிறார். வைக்கோல் பொம்மை வாதம் என்பது இதுதான். கூடவே 'குளமா, ரோடா' என்று இரண்டே வழி இருப்பதாகவும் காட்டிவிட்டார். நீங்கள் கொண்டுபோனது மூன்றாவது வழி, அது காணாமல் போனது.

இந்த இடத்தில் நீளமாக மறுக்கக் கூடாது. "நான் வளர்ச்சிக்கு எதிரி இல்லை" என்று ஆரம்பித்தால் கூட்டத்தின் காதில் நிற்பது 'எதிரி' என்ற சொல் மட்டும்தான். மூன்று வாக்கியம் போதும்: "ரோடு வேண்டும். குளத்துக்கு மேலே பாலமாக வேண்டும். பாலமாகப் போட முடியாது என்றால் காரணத்தைச் சொல்லுங்கள்." மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதில் சொல்லும் பொறுப்பை அது எதிர்த்தரப்புக்கு மாற்றுகிறது.

அதற்குப் பிறகு வரும் பதில் அநேகமாகச் செலவும் காலமுமாக இருக்கும். அது நேர்மையான வாதம், அதற்குக் கணக்கோடு போக வேண்டும். குளத்தின் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், மண் விழும் பரப்பு எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு குறையும், மறுகால் தண்ணீர் எந்த வழியாக எங்கே போகிறது, அந்த வழி அடைபட்டால் எந்த வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் நீர்வளத் துறையிலும் கேட்டு வாங்கலாம்.

உங்கள் தரப்பையும் கொஞ்சம் கவனியுங்கள். "கமிஷன் அடிக்கத்தான் குளத்த நெரப்புதானுவ" என்று உங்கள் பக்கத்து வரிசையில் ஒருவர் கத்தினால், அதுவும் எதிராளி சொன்னதற்குப் பதில் ஆகாது. எதிர்வாதத்தை நாமே திருப்பிச் சொல்லி, "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்று அவர் வாயால் வாங்கிக்கொண்டு பிறகு மறுத்தால் கைதட்டல் குறையலாம். கூட்டக் குறிப்பில் உங்கள் வாதம் சரியாக ஏறும்.

கேள்வி: தர்க்கப் பிழை, அது இது என்பதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் ஊருக்குப் பொருந்தாது என்கிறார் என் நண்பர். உண்மையா?
- வாசகர், சுசீந்திரம்

பதில்: ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அது சரியா தவறா என்று சொல்ல முடியாது. ஆகவே நண்பரின் வாதம் அந்த அளவிலேயே நிற்காது. அவர் சொல்லும் செய்தியும் சரியில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் போலி வாதங்களை வகைபிரித்துப் பாடம் நடத்துகிறார். சொல்லவந்த கூற்றிலேயே கோளாறு இருந்தால் பக்கப் போலி, காட்டும் காரணத்தில் கோளாறு இருந்தால் ஏதுப் போலி, உவமையாகக் காட்டும் உதாரணத்தில் கோளாறு இருந்தால் திட்டாந்தப் போலி. தன் பேச்சைத் தானே மறுக்கும் கூற்றுக்கு அங்கே வரும் உதாரணம், 'என் தாய் மலடி' என்பது.

அதில் ஒன்று நம் மலையடிவாரத்துக்காகவே சொன்னதுபோல இருக்கும். தூரத்தில் தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே, அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது ஏதுப் போலி. கீரிப்பாறைப் பக்கம் விடியற்காலையில் மலைமுகட்டைப் பார்ப்பவர்களுக்கு விளங்கும். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்ற விதி சரிதான், ஆனால் அங்கே இருப்பது புகைதானா என்றே தெரியவில்லை. வாட்ஸப்பில் வரும் பாதிச் செய்திகளில் கோளாறு இந்த இடத்தில்தான். "இப்படி நடந்திருக்குன்னா என்ன அர்த்தம்?" என்று ஆவேசமாகக் கேட்பார்கள். நடந்ததா என்பதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கேள்வி: கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வரும், காற்றே அடிக்காது. "மூணு தடவ பொய்யாச்சு, இதும் பொய்தான்" என்று பிள்ளைகள் கிளம்புகிறார்கள். ஒரு நாள் தொழில் போனால் வீட்டில் என்ன நிலை என்று எனக்கும் தெரியும். அவர்கள் பேச்சில் பிழை இருக்கிறதா இல்லையா?
- வாசகி, தூத்தூர்

பதில்: முன்பு சொன்னது எத்தனை தடவை பலித்தது என்று பார்ப்பது பிழையே அல்ல, எந்த முன்னறிவிப்பையும் அப்படித்தான் எடைபோட வேண்டும். ஆனால் அவர்கள் எடைபோடும் முறையில் மூன்று இடங்களில் சறுக்கல் இருக்கிறது.

எச்சரிக்கை எந்தக் கடலுக்கு வந்தது என்பது முதலாவது. குமரிக்கடல், மன்னார் வளைகுடா, லட்சத்தீவுப் பகுதி, தென்கிழக்கு அரபிக்கடல் என்று இடத்தைக் குறித்துத்தான் அறிவிப்பு வரும். காற்று 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று வேகமும் இருக்கும். கரையில் தென்னோலை அசையவில்லை என்பது லட்சத்தீவுப் பக்கம் காற்று அடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அன்று அந்தக் கடலில் நின்ற படகுக்காரரைக் கேட்டால்தான் அறிவிப்பு பொய்த்ததா என்று தெரியும்.

அடுத்தது, 'வரலாம்' என்பது 'வரும்' ஆகாது. பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு என்றால், அப்படிச் சொன்ன பத்து தடவையில் ஏழு தடவை வராமல்தான் இருக்கும். அந்த ஏழையும் பொய் என்று எண்ணினால் சரியான அறிவிப்பும் பொய்க்கணக்கில் சேர்ந்துவிடும். மூன்று நாள் வராததால் நான்காம் நாள் வரும் வாய்ப்பு குறைவதும் இல்லை. ஒவ்வொரு தாழ்வு நிலையும் அதனதன் போக்கில் உருவாகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு பக்க இழப்பும் சமம் அல்ல. எச்சரிக்கையை நம்பிப் போகாமல் இருந்து காற்று வராவிட்டால் ஒரு நாள் வருமானம் போகும். நம்பாமல் போய்க் காற்று வந்துவிட்டால்? 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி மறுநாளே புயலாகிவிட்டது. நாள் கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் படகுகள் அப்போது வெகு தூரத்தில் இருந்தன. பத்தில் மூன்று என்ற சின்ன வாய்ப்பும் உயிரோடு சேரும்போது சின்னதாக இருப்பதில்லை.

பிள்ளைகளின் கோபத்தில் நியாயமான பங்கும் உண்டு, அதை அவர்கள் சரியான இடத்தில் கேட்க வேண்டும். துறைமுகத்தில் ஒரு பேரேடு வையுங்கள். தேதி, எச்சரித்த கடற்பகுதி, சொன்ன வேகம், அங்கே நின்ற படகுகள் கண்டது, எச்சரிக்கை கைக்கு வந்த நேரம் ஆகியவற்றைப் பதியுங்கள். எச்சரித்து வந்தது, எச்சரித்து வராதது, எச்சரிக்காமல் வந்தது, எச்சரிக்காமல் வராதது என்று ஒரு பருவத்துக்குப் பின் பிரித்தால், மூன்றாவது கட்டத்தில் விழுபவைதான் உண்மையான குறை. தாமதமாக வந்த எச்சரிக்கை, செல்போன் எட்டாத தூரத்தில் நின்றவருக்கு வந்தே சேராத எச்சரிக்கை எல்லாம் அதில் அடங்கும். போகாமல் நின்ற நாளுக்கு நிவாரணம் கேட்கவும் அதே பேரேடு உதவும்.

கேள்வி: 'முன்னதை உறுதி செய்தல்', 'பின்னதை மறுத்தல்' என்று தர்க்கத்தில் நான்கு வடிவங்கள் வருகின்றன. எது சரி, எது தவறு என்று தேர்வில் குழம்பிவிடுகிறது. எளிய வழி உண்டா?
- மாணவி, நாகர்கோவில்

பதில்: வடசேரிச் சந்தைக்குப் போய் ஒரு மட்டி வாழைக் குலையைப் பாருங்கள். 'காயைப் பழுக்கவைக்கும் கார்பைடு கல் வைத்தால் தோல் மஞ்சளாகும்' என்று வைத்துக்கொள்வோம்.

கல் வைத்தார்கள், ஆகவே மஞ்சளாகும் (முன்னதை உறுதி செய்தல்): சரி. மஞ்சளாகவில்லை, ஆகவே கல் வைக்கவில்லை (பின்னதை மறுத்தல்): இதுவும் சரி. மஞ்சளாக இருக்கிறது, ஆகவே கல் வைத்திருக்கிறார்கள் (பின்னதை உறுதி செய்தல்): தவறு. கல் வைக்கவில்லை, ஆகவே மஞ்சளாகாது (முன்னதை மறுத்தல்): தவறு. பின்னிரண்டும் ஏன் தவறு? மஞ்சளாக வேறு வழிகள் உண்டு. மரத்திலேயே விளைந்து பழுத்திருக்கலாம். எதிலீன் வாயுவில் வைத்திருக்கலாம். பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அதற்கு அனுமதி இருக்கிறது, கார்பைடுக்குத்தான் தடை. மஞ்சளைப் பார்த்ததும் வியாபாரியைத் திட்டுபவர் மூன்றாவது வடிவத்தில் விழுகிறார்.

தேர்வில் குழப்பம் வந்தால் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றுங்கள். 'நாகர்கோவிலில் இருப்பவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். இவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். ஆகவே இவர் நாகர்கோவிலில் இருக்கிறார்.' தவறு என்று உடனே தெரிகிறது அல்லவா? அதே வடிவில் உள்ள எல்லாமே தவறு.

வடிவம் சரியாக இருந்தாலும் முதல் வாக்கியம் பொய்யாக இருந்தால் முடிவு கவிழலாம். செந்துளுவன் என்னும் செவ்வாழையில் கல் வைத்தாலும் தோல் மஞ்சளாகாது. 'மஞ்சளாகவில்லை, ஆகவே கல் இல்லை' என்று வடிவத்தை மட்டும் நம்பி அதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. "இன்னைக்கு ஹாஸ்டல்ம்பா, நாளைக்கு தனி வீடும்பா, பெறகு ஊருக்கு வரமாட்டா, கடைசியில எவனையாவது கூட்டிட்டு வந்து நிப்பா" என்கிறார் பெரியப்பா. அப்பாவும் தயங்குகிறார்.
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பெரியப்பா நான்கு படிகள் சொல்கிறார். ஒவ்வொரு படியும் நடக்க நூற்றுக்கு 70 வாய்ப்பு என்று தாராளமாகவே கொடுத்தாலும், நான்கும் வரிசையாக நடக்க 0.7 × 0.7 × 0.7 × 0.7, அதாவது நூற்றுக்கு 24தான். ஒவ்வொரு படியும் 'நடக்கக்கூடியதுதானே' என்று தோன்றுவதால் கடைசிப் படியும் நிச்சயம்போலத் தெரிகிறது. முதல் படியில் கால் வைத்தால் கடைசிவரை வழுக்கிவிடும் என்னும் சரிவு வாதத்தின் பலம் அதுதான்.

எல்லாச் சரிவு வாதமும் பொய் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு படி நடந்தால் அடுத்தது நடக்க அதுவே காரணமாகும் இடங்கள் உண்டு. கால்வாய்க் கரையில் ஒரு வீட்டுக்கு ஆக்கிரமிப்பை அனுமதித்தால் அடுத்த வீட்டுக்காரருக்கு எந்த முகத்தோடு மறுப்பது? அங்கே சரிவு உண்மை. உங்கள் விஷயத்தில் ஹாஸ்டலிலிருந்து தனி வீட்டுக்கு மாறுவது ஊருக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

பெரியப்பாவிடம் சதவீதம் பேசினால் மரியாதைக் குறைவாகப் படலாம். "பெரியப்பா, இதுல எந்தப் படியப் பத்தி ஒங்களுக்குப் பயம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாதுகாப்பு என்றால் ஹாஸ்டலைக் காட்டுங்கள். ஊருக்கு வராமல் போய்விடுவாய் என்றால் வார இறுதிகளை முன்னாலேயே பேசிவிடுங்கள். கடைசிப் படிதான் என்றால் அது வேலையைப் பற்றிய வாதமே அல்ல. உங்கள் திருமணத்தை யார் முடிவு செய்வது என்ற வேறொரு பேச்சு. அதை வேலைக்குள் கொண்டுவந்து தீர்க்க முடியாது, தனியாகத்தான் பேச வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் வளைகுடா போனவர்கள் எல்லாரும் மாடி வீடு கட்டிவிட்டார்கள். மகனும் ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டத் துடிக்கிறான்.
- வாசகர், திங்கள்சந்தை

பதில்: மாடி வீடு ரோட்டிலிருந்து தெரிகிறது, கடன் தெரிவதில்லை. கடந்த பத்து வருடத்தில் உங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். ஆறு மாதத்தில் திரும்பியவர், சொன்ன வேலை கிடைக்காதவர், இன்னும் வட்டி கட்டுபவர், ஊரைவிட்டு வேறிடம் போய்விட்டவர் என்று ஒருவரும் விடுபடக் கூடாது. வீடு கட்டியவர் அந்த மொத்தத்தில் எத்தனை பேர் என்று மகனே எண்ணட்டும். ஏஜென்ட்டின் பதிவு செல்லுபடியாகிறதா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகுதான் பணம்.

கேள்வி: தர்க்கப் பிழைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து என் கணவர் எதற்கெடுத்தாலும் ஒரு பெயர் சொல்லி வாயை அடைக்கிறார். "நீங்க குடிச்சிருக்கீங்க, பிள்ளைகள நான் ஆட்டோல கூட்டிட்டுப் போறேன்" என்றால், "இது தனிமனிதத் தாக்குதல்" என்கிறார்.
- வாசகி, தக்கலை

பதில்: அது தனிமனிதத் தாக்குதல் அல்ல. 'குடிப்பவர், ஆகவே அவர் போட்ட கூட்டல் கணக்கு தப்பு' என்றால்தான் பிழை, ஏனென்றால் கணக்கைத் தனியே சரிபார்க்கலாம். இங்கே பேச்சே அவர் அப்போது வண்டி ஓட்டத் தகுந்த நிலையில் இருக்கிறாரா என்பதைப் பற்றியது. ஒருவரின் திறமை, நிலை, சாட்சியம், நம்பகம் ஆகியவை கேள்வியாக இருக்கும்போது அந்த மனிதரைப் பற்றிப் பேசுவதுதான் பொருத்தமான காரணம். பிள்ளைகளை ஆட்டோவிலேயே கூட்டிப் போங்கள்.

உங்கள் கணவருக்கு ஒன்று: காரணம் மோசமாக இருப்பதால் முடிவு பொய்யாகிவிடாது. 'பாட்டி சொன்னாள், ஆகவே கொதிக்கவைத்த தண்ணீரைக் குடி' என்பது பலவீனமான வாதம், ஆனால் கொதிக்கவைத்த தண்ணீர் நல்லதுதான். பிழையின் பெயரைச் சொல்வதற்குப் பதிலாக, "இந்தக் காரணத்திலிருந்து இந்த முடிவு எப்படி வருது?" என்று கேட்டுப் பழகினால் பேச்சு அறுபடாது.

கேள்வி: எங்கள் கடலோர ஊரில் ஒரே தெருவில் 4 பேருக்குப் புற்றுநோய். மணலில் இருக்கும் கதிர்வீச்சுதான் காரணம், மணல் எடுக்கவே கூடாது என்று ஒரு தரப்பு. யாரும் நிரூபிக்கவில்லை, ஆகவே பாதிப்பே இல்லை என்று மறு தரப்பு. இரண்டு பக்கமும் வசவுதான் மிஞ்சுகிறது. எப்படி யோசிப்பது?
- வாசகர், கிள்ளியூர் வட்டம்

பதில்: நான்கு வீட்டாரின் துயரம் இதில் இருப்பதால், வாதத்தைக் கூடுதல் கவனத்தோடு பிரிக்க வேண்டியிருக்கிறது.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். மணவாளக்குறிச்சி முதலான நம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீச்சு உள்ள தோரியம் இருக்கிறது. அதனால் இங்கே இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இதில் சர்ச்சை இல்லை. இங்கிருந்து '4 பேருக்கு வந்தது இதனால்தான்' என்பதற்குப் போக இன்னும் நிறைய தெரிய வேண்டும். தெருவில் மொத்தம் எத்தனை பேர், அந்த நால்வரின் வயது என்ன, எந்த உறுப்பில் புற்றுநோய், எத்தனை வருட இடைவெளியில் வந்தது? புற்றுநோய் ஒரே நோய் அல்ல. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை பெரிய காரணம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ் காரணம். நால்வருக்கும் நான்கு விதம் என்றால் ஒரே காரணம் தேடுவது கடினம். எல்லாருக்கும் ஒரே வகை, அதுவும் இள வயதில் என்றால் உடனே விசாரிக்க வேண்டிய விஷயம்.

அந்தத் தெரு பேச்சுக்கு வந்ததே அங்கே 4 பேர் இருப்பதால்தான். ஒருவர்கூட இல்லாத தெருவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அம்பை எய்த பிறகு அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து குறி தப்பவில்லை என்று சொல்வதுபோல ஆகிவிடும். முழு ஊரையும், மோனசைட் மணல் இல்லாத இன்னொரு ஊரையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மறு தரப்புக்கு வருவோம். 'நிரூபிக்கப்படவில்லை' என்பதும் 'இல்லை என்று நிரூபிக்கப்பட்டது' என்பதும் வேறு வேறு. தேடாமலே கிடைக்கவில்லை என்றால் அதில் ஒரு செய்தியும் இல்லை. போதுமான ஆட்களைப் போதுமான வருடங்கள் பின்தொடர்ந்து தேடியும் கிடைக்கவில்லை என்றால் அது சான்று. இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டத்தின் கருநாகப்பள்ளியில் அப்படி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பின்னணிக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் முடிவு வெளியானது. முதல் தரப்பு இதை மறைக்கக் கூடாது.

அதே ஆய்வைக் காட்டி 'ஆகவே மணல் எடுக்கலாம்' என்று முடிப்பது கேள்வியையே மாற்றிவிடுவது. மணல் இயற்கையாகக் கிடக்கும் ஊரில் வாழ்வது வேறு. அதைத் தோண்டிப் பிரிக்கும்போது கிளம்பும் தூசி, நிலத்தடி நீர், கரை அரிப்பு, மீன்பிடித் தொழில் என்பவை வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சான்று வேண்டும். புற்றுநோய்க் கூற்று பலவீனமாக இருப்பதால் மற்ற எதிர்ப்புகளும் பலவீனம் என்று ஆகாது. இது எதிர்ப்பவர்களும் நினைவில் வைக்க வேண்டியது: நிறுவ முடியாத ஒன்றை முன்னால் நிறுத்தினால் நிறுவக்கூடிய நான்கும் அதன் பின்னால் மறைந்துபோகும்.

"அவன் வெளிநாட்டுப் பணம் வாங்குறான்", "இவன் கம்பெனி ஆளு" என்ற வசவுகள் ஒருவர் தரும் கணக்கை இரண்டு தடவை சரிபார்க்கக் காரணம் ஆகலாம். கணக்கு தப்பு என்று அவை காட்டாது.

செய்யக்கூடியது: வீடு வீடாகப் போய் ஆள் எண்ணிக்கை, வயது, வசித்த வருடங்கள், புகையிலைப் பழக்கம், நோய் வகை, கண்டுபிடித்த ஆண்டு ஆகியவற்றைப் பெயர் இல்லாமல் ஒரு படிவத்தில் எழுதுங்கள். அதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுத்து, மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டில் நம் மாவட்டத்துக்கான எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஒப்பிடும்போது வயதுவாரியாக ஒப்பிடச் சொல்ல மறக்க வேண்டாம். முதியவர்கள் அதிகமுள்ள தெருவில் புற்றுநோய் அதிகமாகத் தெரிவது இயல்பு. இளைஞர்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்ட நம் கடலோர ஊர்களில் இந்த ஒன்றே கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.